காம்பில் எழுதிய எண்

அன்று மாலை ஆறரை மணிக்கு எங்கள் ஊர் செம்பனை ஆலையின் எடைமேடைக்கு வெளியே 17 லாரிகள் நின்றன. ஒவ்வொன்றாக எண்ணினேன். அவை நிற்பதற்குக் காரணம் நான்தான் என்பது அப்போதே எனக்குப் பாதி தெரிந்திருந்தது. மூன்று வாரத்துக்கு முன்பு இரண்டு ரவுட்டர்களில், அதாவது நெட்வொர்க்கில் தரவுக்கு வழி காட்டும் கருவிகளில், நான் எழுதிய நாலைந்து வரிகள்தான் அந்த லாரிகளைப் பிடித்து வைத்திருந்தன. அதற்குப் பிறகு எத்தனையோ நெட்வொர்க் வேலைகள் பார்த்துவிட்டேன். ஆனாலும் ரூட் ரீடிஸ்ட்ரிபியூஷன், அதாவது ஒரு பக்கத்து வழித் தகவலை இன்னொரு பக்கத்துக்குள் எடுத்து விடுவது, என்ற பேச்சு எங்கே வந்தாலும், மழை ஈரத்தில் வரிசையாக எரிந்த அந்தச் சிவப்புப் பின்விளக்குகள்தான் முதலில் நினைவுக்கு வருகின்றன.

செம்பனைக் குலை காத்திருக்காது. வெட்டிய 24 மணி நேரத்துக்குள் அதை ஆலையில் நீராவியில் வேகவைத்துவிட வேண்டும். தாமதம் ஆக ஆக எண்ணெயில் கொழுப்பு அமிலம் ஏறும், தரம் இறங்கும். அந்த 17 லாரிகளில் பாதி எங்கள் குழுமத்துத் தோட்டங்களுடையவை. மீதி சிறு தோட்டக்காரர்களுடையவை. நாலு ஏக்கர், ஐந்து ஏக்கர் வைத்துக்கொண்டு, லாரி வாடகையும் கொடுத்துப் பழம் அனுப்புகிறவர்கள். எடை விழுந்து சீட்டு கையில் வந்தால்தான் அவர்களுக்குக் காசு.

எடைமேடையில் கணக்கு எழுதும் கிராணி என் அப்பா வயதுக்காரர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்: "தம்பி, சிஸ்டம் வருமா வராதா, அதை மட்டும் சொல்லுங்க. வராதுன்னா நான் கையிலேயே எழுத ஆரம்பிச்சிடறேன்." வந்துவிடும் என்றேன். அப்படிச் சொல்லியே அவரை நாற்பது நிமிடம் உட்கார வைத்தேன். இன்றுவரை எனக்கு உறுத்துவது அந்த நாற்பது நிமிடம்.

இரண்டு தோட்டம், இரண்டு கணக்கு

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள எங்கள் சுங்கை சிப்புட்டில் வளர்ந்தவர்களுக்குத் தோட்டம் கைமாறுவது புதிதல்ல. 1950களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுப் போனபோது, வேலையும் லயத்து வீடும் சேர்ந்தே போயின. எங்கள் ஊரின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த துன் சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது அந்தத் துண்டாடலைப் பார்த்துத்தான். பெயர்ப் பலகை மாறும், துரை மாறுவார், ரப்பர் போய்ச் செம்பனை வரும். ஆனால் பழைய ஆள் விட்டுப்போன வேலி மட்டும் பல காலம் அப்படியே இருக்கும். யாரும் வேண்டுமென்று வைத்திருப்பதில்லை. பிடுங்க நேரம் இருக்காது, அவ்வளவுதான்.

நெட்வொர்க்கும் இப்படித்தான் வளர்கிறது. ஒரே நிறுவனத்துக்குள் இரண்டு ரவுட்டிங் நெறிமுறைகளை, அதாவது ரவுட்டர்கள் ஒன்றுக்கொன்று வழி சொல்லிக்கொள்ளும் இரண்டு மொழிகளை, வைத்துக்கொள்ளலாம் என்று யாரும் உட்கார்ந்து திட்டம் போடுவதில்லை. ஒரு கம்பெனி இன்னொன்றை வாங்குகிறது. வாங்கியவரிடம் ஓஎஸ்பிஎஃப், விற்றவரிடம் ரிப். எங்கள் குழுமம் பக்கத்துத் தோட்டங்களை வாங்கியபோது நடந்ததும் அதுவே. பழைய கம்பெனியின் டிவிஷன் ஆபிஸ்கள் எல்லாம் மலை மேட்டிலிருந்து மேட்டுக்கு ரேடியோ இணைப்பில் கோர்க்கப்பட்டு, ரிப்பில் பேசிக்கொண்டிருந்தன. எங்கள் பக்கம் ஆலை, டவுன் ஆபிஸ், ஈப்போ அலுவலகம், தலைமையகம் எல்லாம் ஓஎஸ்பிஎஃப். மூன்று மாதத்தில் பழையதை எடுத்துவிடுவோம், அதுவரை இரண்டையும் ஒட்டிவைக்க வேண்டும் என்று சொன்னார்கள். ஒட்டுகிற வேலை என்னிடம் வந்தது.

ஒட்டுவது என்றால் என்ன? ரிப் ஒரு இடத்தின் தூரத்தைத் தாவல் கணக்கில் எண்ணும். வழியில் எத்தனை ரவுட்டர், அதுதான் கணக்கு. 15 வரை போகலாம், 16 என்றால் போய்ச்சேர முடியாத இடம். 1988இல் சார்லஸ் ஹெட்ரிக் எழுதிய முதல் ஆவணத்திலிருந்தே அந்த எல்லை உண்டு. ஓஎஸ்பிஎஃப் தாவல் எண்ணாது. ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு செலவு வைத்து, முழு வரைபடத்தையும் கையில் வைத்துக்கொண்டு, குறைந்த செலவில் எப்படிப் போகலாம் என்று பார்க்கும். ஒன்றின் கணக்கை மற்றதின் கணக்காக மாற்ற எந்த வாய்ப்பாடும் கிடையாது. அதனால் எல்லையில் நிற்கும் ரவுட்டர் பழைய எண்ணைத் தூக்கிப் போட்டுவிட்டு, புதிதாக ஒரு எண்ணைக் கொடுத்து அடுத்த பக்கம் அனுப்புகிறது. சிஸ்கோ கம்பெனி ரவுட்டரில் ரிப்பிலிருந்து ஓஎஸ்பிஎஃப்புக்குப் போகும் ரூட்டுக்கு, நாம் ஒன்றும் சொல்லாவிட்டால், 20 என்ற எண் கிடைக்கும். அதுவும் இரண்டாம் வகை வெளி ரூட்டாக, வேறு நெறிமுறையிலிருந்து வந்ததாக, போகும். அதாவது 20 என்று பிறந்தது எத்தனை ஊர் தாண்டினாலும் 20 என்றே இருக்கும். திரும்பும் திசையில், ரிப்புக்குள் விடும்போது, எண்ணை நாமே சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அது முடிவிலியாகிவிடும், அதாவது அந்தப் போய்ச்சேர முடியாத 16, ரூட் வெளியே போகாது.

நான் 1 என்று கொடுத்தேன். யோசித்துக் கொடுத்த எண் இல்லை. பயிற்சிப் புத்தகங்களில் அப்படிப் பார்த்த பழக்கம். இங்கேதான் எல்லாம் ஆரம்பித்தது. ஒன்று என்று நான் எழுதியதன் பொருள், 'இந்த இடம் இதோ பக்கத்திலேயே இருக்கிறது' என்பது. உண்மையில் அது எங்கே இருக்கிறது என்பதற்கும் அந்த எண்ணுக்கும் ஒரு தொடர்பும் இல்லை.

எல்லை ரவுட்டர்கள் இரண்டு வைத்தேன், ஒன்று ஆலையில், ஒன்று டவுன் ஆபிஸில். இரண்டு பக்கமும் ரூட்களை மாற்றிக்கொள்ளும் எல்லை ஒரே இடத்தில் இருக்க வேண்டும், இரண்டு வைத்தால் ஆபத்து என்று எல்லாரும் சொல்வார்கள். எனக்கும் தெரியும். ஆனால் பேராக் மழையைப் பார்த்தவர்களுக்கு என் நிலைமை புரியும். பிற்பகல் மூன்று மணிக்கு மேகம் கட்டினால் ஏதாவது ஒரு மேட்டில் ரேடியோ போய்விடும். ஒரே வாசல் வைத்தால் அந்த வாசல் வாரத்துக்கு இரண்டு முறை மூடும். இரண்டு வைத்தது சரிதான் என்றே இப்போதும் நினைக்கிறேன். வைத்த விதம்தான் தவறு.

மழைக்குப் பிறகு

மூன்று வாரம் ஒரு புகாரும் இல்லை. ஒரே ஒரு சின்ன விஷயம். பழைய தோட்ட ஆபிஸில் இருந்த எடைமேடை சர்வருக்கு ஆலையிலிருந்து பிங் அடித்தால் (சேதி போய்த் திரும்ப எவ்வளவு நேரம் என்று பார்க்கும் சோதனை), எதிர்பார்த்ததைவிட நேரம் அதிகமாக வந்தது. வழியில் உள்ள ரவுட்டர்களை வரிசையாகக் காட்டும் ட்ரேஸ்ரூட் போட்டிருந்தால் அன்றே தெரிந்திருக்கும், பாக்கெட், அதாவது தரவுப் பொட்டலம், நேராக மேடு ஏறாமல் ஈப்போ போய், டவுன் வந்து, அங்கிருந்து தோட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. போடவில்லை. வேலை செய்கிறதே என்று விட்டுவிட்டேன்.

அந்த ஆலை ரவுட்டருக்கு இரண்டு பக்கமிருந்தும் சேதி வருகிறது. ரிப்பும் சொல்கிறது, ஓஎஸ்பிஎஃப்பும் சொல்கிறது. யாரை நம்புவது? சிஸ்கோ இதற்கு ஒரு தரவரிசை வைத்திருக்கிறது, அட்மினிஸ்ட்ரேட்டிவ் டிஸ்டன்ஸ் என்று பெயர். ஓஎஸ்பிஎஃப்புக்கு 110, ரிப்புக்கு 120. குறைந்த எண்ணுக்குத்தான் மரியாதை. ஆகவே தோட்டத்துச் சேதியைத் தோட்டமே நேரில் சொன்னாலும், அதே சேதி டவுன் ரவுட்டர் வழியாக ஓஎஸ்பிஎஃப்பில் சுற்றி வந்தால், சுற்றி வந்ததைத்தான் ஆலை ரவுட்டர் நம்பும். யார் முதலில் ரிப்பிலிருந்து எடுத்து ஓஎஸ்பிஎஃப்பில் விட்டார்களோ, அவருடைய சொல்தான் நிற்கும். அடுத்தவரின் அட்டவணையிலிருந்து ரிப் ரூட் போய்விடும். அட்டவணையில் இல்லாததை அவர் எடுத்து அனுப்பவும் முடியாது. நான் கட்டிய நாளில் டவுன் ரவுட்டரை முதலில் உயிர்ப்பித்திருந்தேன். அது தற்செயல். தோட்ட ஆபிஸுக்கு அதுதான் பக்கம் என்பதால் சுற்றுவழியானாலும் பாக்கெட் போய்ச் சேர்ந்தது. மூன்று வாரம் எங்களைக் காப்பாற்றியது அந்தத் தற்செயல் மட்டுமே.

அன்று பிற்பகல் இடி இறங்கி டவுனில் மின்சாரம் போனது. ஆலைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆலை செம்பனைப் பழத்தின் நார்களையும் கொட்டை ஓடுகளையும் எரித்துத் தானே மின்சாரம் எடுத்துக்கொள்ளும். டவுன் ரவுட்டர் விழுந்ததும் அதன் சொல்லும் விழுந்தது. ஆலை ரவுட்டர் தோட்டத்து ரிப் ரூட்டை அட்டவணையில் ஏற்றி, அதை ஓஎஸ்பிஎஃப்பில் விட்டது. இருபது நிமிடம் கழித்து டவுன் ரவுட்டர் எழுந்தபோது முறை மாறிவிட்டிருந்தது. இப்போது டவுன் ரவுட்டர்தான் ஓஎஸ்பிஎஃப்பை நம்புகிறது. தோட்ட ஆபிஸ் ஆலை வழியாக இருக்கிறது என்று கேட்டு, அதை ரிப்புக்குள் திருப்பி விடுகிறது, நான் கொடுத்த 1 என்ற எண்ணோடு. அந்தச் சேதி ஒரு மேடு தாண்டி ஆலைக்கு வரும்போது 2. தோட்டத்திலிருந்து நேராக வரும் உண்மையான சேதியோ மூன்று தாவல். ரிப் என்ன செய்யும்? இரண்டு மூன்றைவிடக் குறைவு. ஆலை ரவுட்டர் பாக்கெட்டை டவுனுக்கு அனுப்பியது. டவுன் அதை ஈப்போ வழியாக ஆலைக்கே திருப்பியது.

ட்ரேஸ்ரூட்டில் அதே நான்கு முகவரிகள் மாறி மாறி வந்தன. முப்பது வரி வரை போய் நின்றது. ரிப்பில் இப்படிச் சுற்றல் வந்தால் எண் ஒவ்வொரு சுற்றுக்கும் ஏறி, 16 தொட்டதும் ரூட் செத்துவிடும். அதற்காகத்தானே அந்த எல்லையே. ஆனால் இங்கே எண் ஏறவே இல்லை. ஒவ்வொரு முறை எல்லையைத் தாண்டும்போதும் பழைய கணக்கு அழிந்து மறுபடி 1 என்று பிறந்தது. வெளியே போன சேதி புது வேட்டி கட்டிக்கொண்டு சொந்த வீட்டுக்கே விருந்தாளியாக வந்து நிற்க, வீட்டுக்காரர் அடையாளம் தெரியாமல் உபசரிக்கிறார். தோட்ட ஆபிஸையே அணைத்துவிட்டாலும் அந்த ரூட் செத்திருக்காது. இரண்டு ரவுட்டர்களும் ஒருவர் சொல்லை ஒருவர் சாட்சியாக வைத்துக்கொண்டு அதைத் தூக்கிப் பிடித்திருக்கும்.

இது எங்கள் மேட்டில் மட்டும் நடந்த கூத்தல்ல. 1997 ஏப்ரல் 25 அன்று அமெரிக்காவில் 7007 என்ற எண்ணுள்ள ஒரு நெட்வொர்க், தான் கேட்ட இணைய ரூட்களைச் சின்னச் சின்னத் துண்டுகளாக்கி, அவை வந்த தடத்தை இழந்துவிட்டு, எல்லாம் தன்னிடமே பிறந்தவை என்று உலகத்துக்குச் சொன்னது. சின்னத் துண்டுக்குத்தான் ரவுட்டர்கள் முன்னுரிமை தரும். இணையத்தின் பெரும் பகுதி அந்த வழியில் போய் விழுந்தது. அளவு வேறு, ஆனால் நோய் ஒன்றுதான். எங்கிருந்து வந்தது என்பது அழிந்துபோனது.

எனக்கு விளங்கியபோது மணி ஏழு பத்து. டவுன் ரவுட்டரில் ஓஎஸ்பிஎஃப்பிலிருந்து ரிப்புக்கு விடும் வரியை எடுத்தேன். ரிப் பொய்யை மறக்கக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அதற்குள் கிராணி மேசைக்கு அடியிலிருந்து கார்பன் தாள் வைத்த பழைய ரசீதுப் புத்தகத்தை எடுத்து, முதல் லாரிக்கு எழுதிக்கொண்டிருந்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. சர்வர் வந்த பிறகும் அவர் கையால் எழுதிய ஆறு சீட்டுகளை உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பதிவு செய்தேன்.

37

மறுநாள் ஞாயிறு. பசியாற மாமா வீட்டுக்குப் போனேன். அம்மாவின் அண்ணன், முப்பது வருடம் செம்பனை வெட்டியவர். தோசையைப் பிய்த்துக்கொண்டே நடந்ததைச் சொன்னேன். ரவுட்டர், ரிப் என்றெல்லாம் சொல்லவில்லை. இரண்டு வாசல், வெளியே போன சேதி உள்ளே திரும்பி வந்தால் நம்முடையது என்று அடையாளம் தெரியவில்லை, இவ்வளவுதான். மாமா கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்: "ஏன், காம்புல நம்பர் போடலையா?"

எனக்குத் தோசை இறங்கவில்லை. சின்ன வயதில் பள்ளி விடுமுறையில் உதிரிப் பழம் பொறுக்கப் போயிருக்கிறேன். மாமா நீளக் கழி அரிவாளால் குலையை இறக்கி, காம்பைக் குட்டையாக வெட்டி, ரோட்டோர மேடையில் வரிசையாக அடுக்குவார். அப்புறம் குனிந்து ஒவ்வொரு குலையின் வெட்டுக்காம்பிலும் மெழுகுக் குச்சியால் 37 என்று எழுதுவார். பெரட்டில், அதாவது ஆள் கணக்கெடுப்பில், அவர் பெயர் 37. நாலு பேர் குலை ஒரே மேடையில் கிடக்கும். மேற்பார்வை பார்க்கும் மண்டோர் வந்து பார்ப்பார். காய் இருந்தால் யார் வெட்டியது என்பதைக் காம்பு சொல்லும். லாரிக்காரருக்கு அந்த எண் தேவையில்லை, அவர் படிக்கவும் மாட்டார். ஆனால் அழிக்க மாட்டார். லாரியில் ஏறிக் கலந்த பிறகும் எண் காம்பிலேயே இருக்கும்.

ரூட்டோடு ஒட்டிப் போகும் அடையாள எண்ணான ரூட் டேக் என்பது இதுதான். எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. படித்திருக்கிறேன், தேர்வில் எழுதியிருக்கிறேன். மூன்று மாதத்தில் எடுக்கப்போகிற ஒட்டுக்கு இவ்வளவு வேண்டாம் என்று விட்டிருந்தேன். 1998இல் ஜான் மோய் எழுதிய ஓஎஸ்பிஎஃப் ஆவணத்திலேயே வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு ரூட்டுக்கும் 32 பிட் இடம் இதற்கென்று ஒதுக்கியிருக்கிறது. ஓஎஸ்பிஎஃப் அந்த எண்ணைத் தனக்காகப் பயன்படுத்துவதில்லை, சுமந்துகொண்டு மட்டும் போகும். லாரியைப் போல. எல்லையில் இருப்பவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளத்தான் அது. ரிப்பின் இரண்டாம் பதிப்பிலும் 16 பிட் இடம் உண்டு. வாங்கியவர் அந்த எண்ணை அப்படியே காப்பாற்றி அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும் என்பது விதி.

அன்று பிற்பகலே உட்கார்ந்து எழுதினேன். ரிப்பிலிருந்து ஓஎஸ்பிஎஃப்புக்குப் போகும் ஒவ்வொரு ரூட்டுக்கும் டேக் 37. ஓஎஸ்பிஎஃப்பிலிருந்து ரிப்புக்கு வரும் வாசலில் முதல் கேள்வி: 37 இருக்கிறதா? இருந்தால் உள்ளே விடாதே, அது உள்ளேயிருந்து போனதுதான். எதிர்த் திசைக்கு இன்னொரு எண், அதே காவல். இரண்டு ரவுட்டரிலும் ஒரே மாதிரி.

சுற்றல் நின்றது. ஆனால் சுற்றுவழி நிற்கவில்லை. டேக் யாரை உள்ளே விடக்கூடாது என்றுதான் சொல்லும், யாரை நம்ப வேண்டும் என்று சொல்லாது. 110 இன்னும் 120ஐ வென்றுகொண்டிருந்தது. வெளி ரூட் எல்லாவற்றின் தரவரிசையையும் 130க்குத் தள்ளிவிட்டால் தீர்ந்தது என்று தோன்றும். அதில் வேறொரு வம்பு இருக்கிறது. உண்மையாகவே ஓஎஸ்பிஎஃப் பக்கம் பிறந்த வெளி ரூட்களும் சேர்ந்து கீழே இறங்கும். அப்போது அவற்றை ரிப் சொன்னால் ரிப்பை நம்பும், அது இன்னும் மோசம். ஆகவே பழைய தோட்டத்து முகவரிகளுக்கு மட்டும் பட்டியல் போட்டு, அவற்றுக்கு மட்டும் 130 கொடுத்தேன். அதன் பிறகுதான் ஆலையிலிருந்து போன பாக்கெட் நேராக மேடு ஏறியது. டவுன் ரவுட்டரை அணைத்துப் பார்த்தேன். ஆலை ரவுட்டரை அணைத்துப் பார்த்தேன். முறையை மாற்றி எழுப்பிப் பார்த்தேன். யார் முதலில் எழுந்தாலும் பதில் ஒன்றாகவே வந்தது.

அடுத்த வாரம் தைரியமாக மாமாவிடம் போய்ச் சொன்னேன், நம்பர் போட்டாச்சு, உங்க நம்பர்தான் என்று. சிரித்தார். அப்புறம் சும்மா இருக்காமல் கேட்டார்: "நடுவுல எவனாச்சும் காம்பை மறுபடி வெட்டிட்டா என்ன பண்ணுவ? அப்படிப் பண்ணுவானுங்க. காம்பு நீளமா இருக்குன்னு வெட்டுவான், நம்பரும் சேர்ந்து போயிடும்."

வீட்டுக்கு வந்து பழைய தோட்டத்து ரவுட்டர்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். ஆலைக்கும் டவுனுக்கும் நடுவில், மேட்டின் மேல், ஒரு பழைய கருவி இன்னும் ரிப்பின் முதல் பதிப்பில் பேசிக்கொண்டிருந்தது. முதல் பதிப்பில் டேக் எழுத இடமே கிடையாது. ஓஎஸ்பிஎஃப் பக்கத்திலிருந்து ரிப்புக்குள் நான் எண் போட்டு அனுப்பியதெல்லாம் அங்கே மொட்டையாகி மறுபக்கம் இறங்கிக்கொண்டிருந்தது. சாதாரண நாளில் அது தெரியாது. ஓஎஸ்பிஎஃப்பில் ஏதாவது ஒரு வழி செத்த நாளில்தான் தெரியும். அது எந்த நாள் என்று காத்திருக்க எனக்கு மனம் வரவில்லை. திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு ஸ்டோரிலிருந்து ஒரு ரவுட்டரைக் கையெழுத்துப் போட்டு வாங்கி, லாரியில் ஏறி அந்த மேட்டுக்குப் போனேன்.